கேள்வி-பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் காடியும் "நந்தி கித்தா கிரா" பில்லும்

போன மாசம் என்னோட எம்ஜிபி காடிய (பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காடி) பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இந்த மாசம் பழைய ஸ்போர்ட்ஸ் காடி கேள்வியாவே வந்து குவிஞ்சிருக்கு. சிலத சுருக்கி போட்டிருக்கேன், பேர் போடல, ஊர் மட்டும்தான்.

கே: என் 1973 எம்ஜிபி ரோட்ஸ்டர கிளட்ச்சும் பிரேக்கும் பார்க்க ஒர்க்‌ஷாப்புல விட்டேன். 4,500 வெள்ளி ஆகும்னு வாயால சொன்னாங்க, 3,000 முன்பணம் கொடுத்தேன். 14 மாசம் ஆச்சு. இப்ப இஞ்சின இறக்கி ஓவர்ஹாலும் பண்ணிட்டோம், மொத்தம் 11,800, கட்டினாத்தான் காடி வெளிய வரும்ங்கிறாங்க. ஓவர்ஹால் பண்ண நான் சொல்லவே இல்ல. என்ன செய்ய? — கோலகங்சார்

ப: தம்பி, முதல்ல ஒரு நியாயத்த சொல்லிடுறேன். எம்ஜிபியில கிளட்ச் மாத்தணும்னா இஞ்சின வெளிய தூக்கித்தான் ஆகணும், அப்படித்தான் அந்த காடிய கட்டியிருக்கான், அதனால இறக்கினது தப்பில்ல. ஆனா இறக்கறது வேற, பிரிச்சு பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் மாத்தி ஓவர்ஹால் பண்றது வேற. ரெண்டாவதுக்கு உங்க சம்மதம் வேணும். கேட்டாங்களா? இல்ல. அப்ப அந்த காசு நீங்க கட்டவேண்டிய காசே இல்லங்கிறதுதான் உங்க வாதம்.

ஆத்திரத்துல டோ லோரி கூட்டிட்டு போய் காடிய இழுத்துட்டு வந்துராதீங்க. வேலை செஞ்சவன் அவனுக்கு நியாயமா சேரவேண்டிய கூலி வர்ற வரைக்கும் பொருள பிடிச்சு வச்சிக்கலாம்னு மலேசியாவோட 1950 ஒப்பந்தச் சட்டத்துலயே இருக்கு. நீங்க ஒத்துக்கிட்ட 4,500-ல மிச்சம் 1,500 இருக்குல்ல, அத கட்ட தயார், ஓவர்ஹாலுக்கு நான் சம்மதிக்கல, எந்த பார்ட் மாத்தினீங்க, எவ்வளவு, கழட்டின பழைய பார்ட் எங்கன்னு எழுத்துல கேளுங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினாலும் சரி, எழுத்துல இருக்கணும். மசியலைன்னா ஈப்போவுல பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 5 வெள்ளி கட்டி போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம், விஷயம் நடந்து 3 வருஷத்துக்குள்ள போடணும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள்ள அவங்க செய்யலைன்னா அது கிரிமினல் குற்றம், அதனாலதான் பல தவுக்கேங்க (முதலாளிங்க) நோட்டீஸ் கையில கிடைச்சதுமே பேச வந்துருவாங்க. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல, காலம் பேசாம விட்ட வேலைய நியாயமான காலத்துல முடிக்கணும், விலை பேசாம விட்டதுக்கு நியாயமான விலைக்கு மேல கேக்க முடியாதுன்னு ரெண்டுமே இருக்கு. 14 மாசம் எந்த ஊர் கணக்குல நியாயமான காலம்?

இத பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது, இப்ப எழுதிடுறேன், படிக்கிறவங்க எல்லாருக்கும்தான். நம்ம ஊர்ல காடிய விடும்போது எவ்வளவு ஆகும்னு கேட்டா "நந்தி கித்தா கிரா"ன்னு சொல்லுவாங்க, அப்புறம் கணக்கு பார்த்துக்கலாம், நம்ம போமன்னா (மெக்கானிக்) "அட பார்த்து போட்டுக்கலாம்ண்ணே"ம்பாரு, நாமளும் தெரிஞ்ச முகமாச்சே, கறாரா கேட்டா தப்பா நினைப்பாரோன்னு தலைய ஆட்டிட்டு சாவிய கொடுத்துட்டு வந்துர்றோம். இந்த ஒரு வார்த்தைதான் இத்தன சண்டைக்கும் வேர். நான் 22 வருஷம் தோட்டத்து ஒர்க்‌ஷாப்புல டிராக்டர் பிட்டரா இருந்தவன், அங்க ஒரு போல்ட் மாத்தினாலும் கிராணி புக்குல எழுதணும், எழுதாம ஸ்டோர்ல சாமான் கொடுக்க மாட்டாங்க. ஓட்ட டிராக்டருக்கு இருந்த மரியாத நாம ஆசையா வச்சிருக்கிற காடிக்கு ஏன் இல்ல? ஒர்க்‌ஷாப்காரங்க வேலைய தொடுறதுக்கு முன்னாலயே எழுத்துல மதிப்பீடு கொடுக்கணும்னு 2002-லயே விதி வந்தாச்சு. கேளுங்க. என்ன வேலை, என்னென்ன பார்ட், கூலி தனியா எவ்வளவு, எப்ப முடியும், இதுக்கு மேல போனா போன் பண்ணி சம்மதம் வாங்கணும், இது ஒரு தாள்ல வந்துரும். கழட்டின பழைய பார்ட்ட எல்லாம் ஒரு பெட்டியில போட்டு வைக்க சொல்லுங்க. கிளட்ச் மாத்தினோம்ங்கிறவங்க பழைய பிளேட்டையும், எம்ஜிபின்னா கார்பன் ரிலீஸ் பேரிங்கையும் கையில காட்டணும், தேஞ்ச கார்பன் கையில கருப்பா ஒட்டும், பார்த்தாலே தெரியும். இதுக்கு கோவப்படுற போமன்கிட்ட காடிய விடாதீங்க, நல்ல போமன் கோவப்படமாட்டாரு, எனக்கு வேலை செய்யுறவரு நான் கேக்கறதுக்கு முன்னாலயே தாள எடுத்துருவாரு.

கே: சர்வீஸ் பண்ணிட்டு வந்ததுல இருந்து எம்ஜிபி ஓவர்டிரைவ் (நெடுந்தூரத்துல இஞ்சின் சுத்தறத குறைக்கிற கூடுதல் கியர்) விழவே மாட்டேங்குது. கியர்பாக்ஸ்ல 90 கியர் ஆயில் ஊத்தினதா பில்லுல இருக்கு. — ஈப்போ

ப: உடனே இறக்குங்க. எம்ஜிபி கியர்பாக்ஸுக்கு இஞ்சின் ஆயில்தான், 20டபிள்யூ-50, ஓவர்டிரைவும் அதே ஆயில்லதான் ஓடுது. ஊத்தினவங்களையே காசு வாங்காம மாத்தச் சொல்லுங்க, அந்த பில்லே உங்க சாட்சி.

கே: ஒரு 1970 எம்ஜிபி ஜிடி விலைக்கு வந்திருக்கு. தோட்டத்து வெள்ளக்கார துரை ஓட்டின காடி, ஒரே கை, அதனால 10,000 கூட கேக்கறாரு. பெயிண்ட் பளபளன்னு இருக்கு. வாங்கலாமா? — சுங்கை சிப்புட்

ப: நம்ம வட்டாரத்துல எல்லா பழைய காடியும் துரை ஓட்டின காடிதான். பழைய ரெஜிஸ்ட்ரேஷன் புக்கு இருந்தா காட்டச் சொல்லுங்க, அதுல பேர் இருந்தா கதைய நம்பலாம், இல்லாட்டி அந்த கதைக்கு ஒரு காசு கூட கொடுக்காதீங்க. சேசிஸ் நம்பர பாருங்க, கூரை மூடின ஜிடின்னா ஜி-எச்-டின்னு ஆரம்பிக்கும், திறந்த ரோட்ஸ்டர்னா ஜி-எச்-என். பிளேட்டுல ஒண்ணு கிராண்ட்ல (ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்) ஒண்ணுன்னு இருந்தா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

பளபள பெயிண்ட்தான் எனக்கு பயம். 2011-ல நானும் இப்படி ஒரு பளபளப்ப பார்த்து 18,000 வெள்ளி கொடுத்து ஒரு ஜிடி வாங்கினேன், வித்தவரு நல்லா பேசினாரு, வீட்டுல பசியாற வச்சு அனுப்பினாரு, நானும் கீழ குனிஞ்சு பார்க்கல. ஆறு மாசத்துல ஒரு மழை நாள், இறங்கிட்டு கதவ சாத்தினா சாத்த முடியல, பாடி நடுவுல தொங்கிருச்சு. கெதோக் கடையில (பாடி தட்டி சரி பண்ற கடை) கதவுக்கு கீழ இருக்கிற சில்ல கட்டர் வச்சு வெட்டினாங்க. உள்ள இரும்பே இல்ல. கோழிக்கூட்டு கம்பி வலை, அதுக்குள்ள சுருட்டி அடைச்ச தமிழ் பேப்பர், தீபாவளி துணிக்கடை விளம்பரம் கூட கிழியாம அப்படியே இருந்துச்சு, அதுக்கு மேல ரெண்டு விரல் கனத்துக்கு புட்டி, அதுக்கு மேல பெயிண்ட். அந்த பேப்பர்த் துண்ட கையில வச்சிக்கிட்டு நான் நின்னது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. என் பொண்டாட்டி மூணு வருஷம் கட்டின கூட்டுப்பணமும் அதுல இருந்துச்சு. சரி பண்ண 9,400.

எம்ஜிபிக்கு தனியா சேசிஸ் கிடையாது, அந்த சில்லுதான் முதுகெலும்பு. தோட்டத்து ரோட்டு செம்மண் உள்ள போய் அடைச்சிக்கிட்டு தண்ணி வடியிற ஓட்டைய மூடிரும், நம்ம ஊர் மழையில அது காயறதே இல்ல, உர ஸ்டோர் பக்கத்துல நிறுத்தி வச்ச காடின்னா இன்னும் மோசம், உரத்து உப்பு இரும்ப தின்னுரும். அதனால ஒரு சின்ன காந்தத்த மெல்லிசு துணியில சுத்தி கதவுக்கு கீழ, பின் வீலுக்கு முன்னால, வீல் ஆர்ச் ஓரமா நகர்த்திக்கிட்டே போங்க. ஒட்டாத இடம் புட்டி. அப்புறம் ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கிட்டு கதவ திறந்து மூடுங்க, இடிச்சாலோ இடைவெளி மாறினாலோ சில் போச்சு. வித்தவரு ஜாக்கி போட விடலைன்னா அதுவே பதில்.

தேடிப்பிடிச்சு நல்லதா வாங்குங்க, அவசரமே இல்ல. 1962-ல இருந்து 1980 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல செஞ்ச காடி இது, புது பாடி ஷெல் கூட இங்கிலாந்துல 1988-ல மறுபடியும் செய்ய ஆரம்பிச்சாங்க. பார்ட்டுக்கு பஞ்சமில்ல, நல்ல இரும்புக்குத்தான் பஞ்சம்.

கே: முகநூல்ல பார்த்த நிசான் ஃபேர்லேடி இசட் காடி, 1972, போட்டோ அனுப்பினாங்க, பலபேர் கேக்கறாங்கன்னு சொன்னதால 5,000 புக்கிங் போட்டேன். இப்ப போன் எடுக்கல. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல போடலாமா? — செம்மோர்

ப: ஆள் யாருன்னே தெரியாதப்ப தீர்ப்பாயத்துல யார் மேல போடுவீங்க? அது வியாபாரி மேல போடறதுக்கு. இது போலீஸ் கேஸ். இத படிச்ச நிமிஷமே 997-க்கு (மோசடி புகார் நம்பர்) அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க, போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. காசு அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு போறதுக்குள்ள பிடிச்சாத்தான் உண்டு. ஏமாத்தினவன் மேலதான் என் கோவம், ஆனா தம்பி, காடிய கண்ணால பார்க்காம, சேசிஸ் நம்பர் கேக்காம, போலீஸோட செமாக் மியூல் பக்கத்துல அக்கவுண்ட் நம்பர போட்டுப் பார்க்காம 5,000 அனுப்பறது என்ன பழக்கம்? இந்த வருஷம் எனக்கு வர்ற ஏழாவது இதே மாதிரி கடிதம். ரெண்டு நிமிஷ வேலை அது.

கே: என் டொயோட்டா செலிக்கா டிஏ22-க்கு ஹாஃப்கட் கடையில (பாதியா வெட்டி இறக்குமதி பண்ற பழைய காடி விக்கிற கடை) வாங்கின 4ஏ-ஜிஇ இஞ்சின் போட்டுட்டேன். சூப்பரா ஓடுது. ஜேபிஜே-ல (சாலைப் போக்குவரத்து இலாகா) சொல்லணுமா? சிசி ஒண்ணுதானே? — தைப்பிங்

ப: சொல்லணும். போடறதுக்கு முன்னாலயே கேட்டிருக்கணும். பழைய இஞ்சினோட 1,588 சிசியும் இதோட 1,587 சிசியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா கிராண்ட்ல இருக்கிறது இஞ்சின் நம்பர், அது மாறிப்போச்சு. ரோட்பிளாக்ல பிடிச்சா பிரச்சன, நாளைக்கு அடிபட்டா இன்சூரன்ஸ்காரன் இத காட்டித்தான் கைய விரிப்பான், விக்கப்போனா இன்ஸ்பெக்‌ஷன்ல நிக்கும். ஹாஃப்கட் கடையில ரசீதும் கஸ்டம்ஸ் பேப்பரும் வாங்கி வச்சிருக்கீங்களா? இல்லைன்னா இன்னைக்கே போங்க, அந்த கடை மூடிட்டா அப்புறம் யார்கிட்ட கேப்பீங்க. பழைய 2டி இஞ்சின வித்துறாதீங்க.

கே: பழைய ஸ்போர்ட்ஸ் காடிக்கு இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு எடுக்கறது? ஏஜென்ட் 5,000-க்கு போதும்ங்கிறாரு. — பத்து காஜா

ப: போதாது. மார்க்கெட் வேல்யூன்னு எடுத்தா காடி எரிஞ்சதுக்கு அப்புறம் அவங்க சொல்றதுதான் விலை. முன்னாலயே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட தொகைக்கு, அக்ரீட் வேல்யூன்னு, கொடுக்கிற கம்பெனிய தேடுங்க, போட்டோவும் மதிப்பீட்டு கடிதமும் கேப்பாங்க, கொடுங்க. ஏஜென்ட் சோம்பேறித்தனத்துக்கு உங்க காடிய பலி கொடுக்காதீங்க.

கே: வயசு 23, ஃபேக்டரி வேலை. பர்சனல் லோன் எடுத்து ஆர்எக்ஸ்-7 வாங்கலாம்னு இருக்கேன். — சுங்கை சிப்புட்

ப: வேணாம் தம்பி. அதுல இருக்கிறது ரோட்டரி இஞ்சின், ஏபெக்ஸ் சீல் (உள்ள சுத்தற ரோட்டர் முனையில இருக்கிற சீல்) போச்சுன்னா முழுசா பிரிக்கணும். லோனும் கட்டி அதையும் கட்ட உங்க சம்பளம் தாங்காது.

கே: என் வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷமாச்சு. அவர் ஆசையா வச்சிருந்த சின்ன எம்ஜி மிட்ஜெட் பின்னால கொட்டகையில நிக்குது. ஒருத்தர் வந்து இது இரும்புக்குத்தான் போகும், 3,000 தரேன்னாரு. தேறுமான்னு பார்க்கறேன்னு கார்புரேட்டர் ரெண்டையும் கம்பி வீல் நாலையும் கழட்டிட்டு போனவரு மூணு வாரமா திருப்பி தரல. இப்ப ஒண்ணும் நிரப்பாத வெறும் பாரத்துல (ஃபார்ம்) கையெழுத்து கேக்கறாரு. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. — சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம்

ப: அக்கா, கையெழுத்து போடாதீங்க. எதுலயும் போடாதீங்க. உங்களுக்கு தெரியலைங்கிறதுல ஒரு தப்பும் இல்ல, தெரியாதவங்க வீட்டுக்கு வந்து சாமான கழட்டிட்டு போனவன்தான் தப்பு பண்ணவன்.

காடி இன்னும் உங்க வீட்டுக்காரர் பேர்லதான இருக்கு, அப்ப நீங்களே நெனச்சாலும் இப்ப விக்க முடியாது, முதல்ல அமானா ராயாவுலயோ (இறந்தவங்க சொத்த பார்க்கிற அரசு நிறுவனம்) கோர்ட்லயோ சொத்த உங்க பேருக்கு மாத்தற பேப்பர் எடுக்கணும். அந்த ஆளுக்கும் இது தெரியும், தெரிஞ்சுதான் வெறும் பாரத்த நீட்டறான். இரும்புக்கு போற காடின்னா கார்புரேட்டரையும் கம்பி வீலையும் மட்டும் பார்த்து ஏன் கழட்டினான்? அதுதான் அதுல சுலபமா காசாகிற சாமான். அவன் அனுப்பின மெசேஜ் எதையும் அழிச்சிராதீங்க. சாமான திருப்பி கொண்டாந்து வைக்க மூணு நாள் டைம் கொடுத்து ஒரு மெசேஜ் போடுங்க, வரலைன்னா போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட். பழைய போட்டோ ஏதாவது இருந்தா தேடி எடுங்க, பானட் திறந்து அவர் நிக்கிற போட்டோ இருந்தா ரொம்ப நல்லது, அந்த எஸ்யூ கார்புரேட்டர் மூடி மேல ஸ்க்ரூவுல ஒரு சின்ன தகடு மாட்டியிருக்கும், ஏயூடின்னு ஆரம்பிச்சு நம்பர் அடிச்சிருக்கும், அது போட்டோவுல தெரிஞ்சா இது எங்களோடதுன்னு காட்ட உதவும்.

இந்த சனிக்கிழமை காலையில நான் வரேன், எம்ஜி வச்சிருக்கிற என் கூட்டாளி ஒருத்தரையும் கூட்டிட்டு வரேன், காடிய பார்த்து என்ன விலை போகும்னு எழுதி கொடுத்துருவோம். அதுவரைக்கும் கொட்டகைய பூட்டி வைங்க, சாவிய யார்கிட்டயும் கொடுக்காதீங்க.