மல்டிமீட்டர் குத்தினால் மீனின் வயது தெரியுமா?

கேள்வி: காரைக்குடியில் மெஸ் நடத்துகிறேன். தொண்டியிலிருந்து வாரம் இரண்டு முறை மீன் வருகிறது. பாதியை அன்றே சமைத்துவிட்டு, மீதியை டீப் ஃப்ரீசரில் வைக்கிறோம். மல்டிமீட்டர் ஊசியை மீனில் குத்தினால் புதுசா பழசா என்று தெரிந்துவிடும் என்று என் மகன் ஒரு வீடியோ காட்டினான். நிஜமா? இதற்கென்று கருவி இருந்தால் வாங்கலாமா?

பதில்: பாதி நிஜம். மீன் பழசாவதை மின்சாரத்தால் அளக்கலாம், மல்டிமீட்டரால் முடியாது.

மீன் தசையின் செல்லுக்கு உள்ளேயும் உப்புநீர், வெளியேயும் உப்புநீர். நடுவில் மின்சாரத்தை விடாத மெல்லிய கொழுப்புச் சவ்வு. உங்கள் மெஸ் ஃபேனில் இருக்கும் கெப்பாசிட்டரும் கிட்டத்தட்ட இப்படித்தான். மீன் செத்த பிறகு அதன் சொந்த நொதிகளே சவ்வை அரிக்கத் தொடங்கும். உள்நீரும் வெளிநீரும் கலந்து, கெப்பாசிட்டர் குணம் நாளுக்கு நாள் குறையும். இதை எண்ணாகக் காட்டும் கைக்கருவியை ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருந்த டோரி ஆராய்ச்சி நிலையம் 1970-களில் கொண்டுவந்தது. குத்த வேண்டாம், தோல்மேல் வைத்தால் போதும். புது மீனுக்கு 15-ஐ ஒட்டிக் காட்டும். ஐஸில் நாள் ஏற ஏற எண் இறங்கும். மீனுக்கு மீன் கணக்கு மாறும் என்பதால், சங்கராவுக்குப் போட்ட கணக்கு வஞ்சிரத்துக்கு ஆகாது.

அந்தக் கருவி அனுப்புவது மாறுதிசை மின்னோட்டம். மல்டிமீட்டரின் ஓம் அளவையில் வருவதோ நேர்மின்னோட்டம். ஊசி முனையில் அயனிகள் குவிந்து, எண் நிற்காமல் ஓடும். போதாததற்கு, ஒரு டிகிரி சூடு ஏறினாலே உப்புநீரின் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடிவிடும். ஐஸிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மேஜையில் வைத்த மீன் வேறொரு எண் காட்டும். வீடியோ எடுத்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, நல்ல கருவியே வாங்கிவிட்டால்? உங்கள் ஃப்ரீசர் இடிக்கிறது. உறையவைத்த வஞ்சிரத் துண்டு இளகும்போது தட்டில் இளஞ்சிவப்பாக நீர் தேங்கும், பார்த்திருப்பீர்கள். ஐஸ் படிகங்கள் சவ்வைக் கிழித்ததால் செல்லைவிட்டு வெளியே வந்த நீர் அது. கருவி தேடுவது முழுச் சவ்வை. இங்கே அது இல்லை. எனவே தின்ன நன்றாக இருக்கும் மீனையும் 'கெட்டது' என்றே காட்டும். அடிபட்டு நசுங்கிய மீனுக்கும் இதே கதி.

இந்தக் குறையையே ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கும் மீனை "இன்னைக்குக் காலையில புடிச்சது" என்று ஒருவர் தருகிறார், அடிபட்ட அடையாளமும் இல்லை, ஆனால் எண் அடிமட்டத்தில் நிற்கிறது என்றால், அது ஒருமுறை உறைந்து இளகியது என்று சந்தேகப்படலாம். மொத்த வியாபாரிக்கு உதவும். ஃபார்மலின் கலப்பையோ, சூரை, காணாங்கெளுத்தி போன்றவற்றை ஐஸ் போதாமல் வைத்தால் பாக்டீரியாவால் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சையோ இந்த எண் காட்டிக்கொடுக்காது. ஹிஸ்டமின் கொதிக்கும் குழம்பிலும் அழியாது என்பதால் அதில்தான் எனக்குப் பயம் அதிகம்.

உங்கள் மெஸ்ஸுக்குக் கருவி வேண்டாம். ஊசி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். மீன் கெடும் வேகம் 0 டிகிரியில் ஒரு மடங்கு என்றால், 5 டிகிரியில் சுமார் இரண்டேகால் மடங்கு, 10-ல் நான்கு மடங்கு. தேவகோட்டை வழியாக வெயிலில் வரும் பெட்டியில், கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்; ஐஸ் பொடியாக இருக்கட்டும், மீனுக்குக் கீழேயும் மேலேயும் கிடக்கட்டும். ஃப்ரீசருக்குப் போக வேண்டியதை வந்தவுடன் போடுங்கள், மதிய வியாபாரத்தில் மிஞ்சிய பிறகு அல்ல.

பெட்டி இறங்கியதும் பெரிய மீனாக ஒன்றை எடுத்து, செவுளுக்குப் பின்னால் முதுகுச் சதையில் தெர்மாமீட்டரைக் குத்துங்கள். 4 டிகிரிக்கு மேல் காட்டினால் அந்தச் சரக்கை ஃப்ரீசரில் ஏற்றாதீர்கள். சூரை, காணாங்கெளுத்தி என்றால் திருப்பி அனுப்புங்கள். மற்றதைச் செவுளும் வாசனையும் பார்த்து, நன்றாக இருந்தால் அன்றைக்கே குழம்பில் போடுங்கள்.