செமி ஹாலோ பேஸ் மேடையில் மட்டும் ஊளையிட்டால்

செமி ஹாலோ (உள்ளே பாதி கூடான) பேஸ் கிட்டாரை விட்டுவிட்டு சாலிட் பாடி (கூடில்லாத, முழுக்கட்டை உடல்) வாங்கலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். காட்பாடி சர்ச்சில் ஏ நோட்டில் மட்டும் ஊளை, வீட்டில் இல்லை என்கிறீர்கள். ஆம்ப்பின் சத்தம் உங்கள் பேஸின் கூடான உடலை அதிரவைத்து, அந்த அதிர்வு கம்பி வழியாகப் பிக்கப்புக்கே (கம்பி அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பகுதி) திரும்புகிறது. பெரும்பாலும் இதுதான்.

கம்பிகளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வால்யூமை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் கீச்சென்று கத்தினால் பிக்கப் கோளாறு. அது சாலிட் பாடியிலும் வரும்.

அடங்கினால், ஆம்ப்புக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். ஈக்யூவில் (எந்த அலைவரிசை எவ்வளவு கேட்கவேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) ஏ நோட் இருக்கும் 55, 110 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறையுங்கள். அப்புறம் பேஸின் முகப்பில் இருக்கும் எஃப் துளைகளை (f வடிவத் துளைகள்) ஸ்பாஞ்சால் அடையுங்கள். பார்க்க அசிங்கம்தான், வேலை செய்யும்.

ஆனால் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழா மாதிரி திறந்தவெளியில், பெரிய சப்வூஃபர் பக்கத்தில் வாசிப்பதென்றால் சாலிட் பாடியே நிம்மதி.