‘ப்ரரோக்’ என்றால் ஒத்திவைப்பதா?

கேள்வி: போட்டித் தேர்வுக்காக ஆங்கில நாளிதழ் படிக்கிறேன். ‘கவர்னர் ப்ரரோக்ஸ் அசெம்ப்ளி’ என்று ஒரு தலைப்பு. அகராதியில் ‘ஒத்திவை’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ‘அட்ஜர்ன்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா? அலுவலக மீட்டிங்குக்கும் எழுதலாமா?

பதில்: மீட்டிங்கை முதலில் விட்டுவிடுங்கள். மேனேஜர் மீட்டிங்கை ‘ப்ரரோக்’ செய்தார் என்று எழுதினால், அவருக்கு முடிசூட்டிய மாதிரி இருக்கும்.

இந்த வினைச்சொல்லில் யார் செய்கிறார் என்பதுதான் பாதிப் பொருள். ‘அவை நாளை காலை 10 மணிக்கு மீண்டும் கூடும்’ என்று சபாநாயகர் சொல்லி எழுந்தால் அது அட்ஜர்ன். தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தாலும் அட்ஜர்ன்தான். கூட்டத்தொடர் இன்னும் முடியவில்லை. அந்தத் தொடரையே ஆளுநர் ஆணை போட்டு முடித்தால் ப்ரரோக். அரசமைப்பின் 174-வது பிரிவு இந்த அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. நாடாளுமன்றத்துக்கு 85-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர். ஆக, உங்கள் அகராதியைவிட நம் பத்திரிகைகள் எழுதும் ‘கூட்டத்தொடர் முடித்துவைப்பு’ தேவலை.

கலைப்போடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இலங்கையில் 2018 அக்டோபர் 27 அன்று ஜனாதிபதி சிறிசேன செய்தது ப்ரரோக். நவம்பர் 9 அன்று செய்தது கலைப்பு. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது இந்தக் கலைப்பைத்தான்.

அட்ஜர்னுக்கும் ப்ரரோக்குக்கும் உள்ள தூரம் பிரிட்டனில் 2019-இல் நன்றாகவே தெரிந்தது. பிரெக்ஸிட் நெருக்கடியில் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஆலோசனைப்படி ராணி நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு ப்ரரோக் செய்தார். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒருமனதாக அது சட்டவிரோதம், செல்லாது என்றார்கள். மறுநாள் அவை கூடியது. அவைக் குறிப்பேட்டிலிருந்து ப்ரரோக் நீக்கப்பட்டு, ப்ரரோக் பதிவான நாளில் அவை ‘அட்ஜர்ன்’ ஆனதாகத் திருத்தி எழுதப்பட்டது. ஒரு வினைச்சொல்லை மாற்ற நாட்டின் உச்ச நீதிமன்றமே தேவைப்பட்டது!

இன்னொன்று, தேர்வில் கேட்கக்கூடியது: பிரிட்டனில் ப்ரரோக் ஆனால் நிலுவை மசோதாக்கள் பொதுவாகக் காலாவதியாகிவிடும். இந்தியாவில் ஆகாது, 107, 196 பிரிவுகளைப் பாருங்கள்.

உச்சரிப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். அழுத்தம் ‘ரோ’வில் விழ வேண்டும். கடைசி ‘க்’, ‘லீக் மேட்ச்’ என்பதில் வருகிற மாதிரி. பெயர்ச்சொல்லாக்கினால் அழுத்தம் இடம்மாறி ‘ப்ரோரகேஷன்’ ஆகிவிடும், ‘கே’யில் அழுத்துங்கள்.