கவாலா: துறைமுக ஊரில் அம்மாவுடன் மூன்று நாள்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் கிரேக்கத்தின் தெசலோனிகியில் எனக்கு அலுவலக வேலை. முடிந்ததும் மூன்று நாள் கையில் இருக்கிறது. அம்மாவும் கூட வருகிறார். அவருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். சுற்றுலாவை மட்டும் நம்பியிராத, துறைமுகம் இயங்குகிற ஒரு கடலோர ஊரைப் பார்க்க ஆசை. கவாலா சரிப்படுமா? அங்கிருந்து தாசோஸ் தீவுக்கும் போய்வரலாமா?

பதில்: கவாலா நன்றாகவே சரிப்படும். தாசோஸை இந்த முறை விட்டுவிடுங்கள். கவாலாவிலிருந்து கப்பலில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். போக, வர, காத்திருக்க என்று ஒரு பகல் முழுவதும் கரைந்துவிடும். பெரும்பாலானவர்கள் தீவுக்குக் கப்பலேறும் இடமாக மட்டுமே கவாலாவை நினைத்துக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டு இரவாவது தங்கினால்தான் அந்த ஊர் பிடிபடும்.

கவாலாவுக்கு ரயில் கிடையாது. தெசலோனிகியின் மக்கெதோனியா பேருந்து நிலையத்திலிருந்து கேடெல் (KTEL) என்கிற வெளியூர்ப் பேருந்தில் ஏறுங்கள், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். இறங்குமிடம் துறைமுகத்துக்குப் பக்கம்தான். அறையையும் அங்கேயே, சமதரையில் எடுங்கள். பனாகியா என்கிற பழைய ஊர் கோட்டையோடு குன்றின் மேல் இருக்கிறது. அழகான வீடுகள்தான், ஆனால் கல் பாவிய செங்குத்தான சந்துகள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேதனை. அம்மாவுக்குப் போக வர இரண்டுக்கும் டாக்சி வையுங்கள். எகிப்தை ஆண்ட முகமது அலி 1769-இல் பிறந்த ஊர் இது. அவர் கட்டிய இமாரெத் பனாகியாவில்தான் இருக்கிறது. மாணவர்கள் தங்கிப் படிக்கவும் ஏழைகளுக்குச் சோறு போடவும் எழுப்பிய கட்டடம், இப்போது ஹோட்டல். உள்ளே பார்க்க விரும்பினால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 16-ஆம் நூற்றாண்டின் கமாரெஸ் கால்வாய்ப் பாலத்துக்கு எங்கும் ஏற வேண்டாம். அதன் உயரமான வளைவுகளைக் கீழே தெருவில் நின்றே பார்க்கலாம்.

துறைமுகத்துக்கு வருவோம். பெரிய சரக்குக் கப்பல்கள் ஊருக்கு வெளியே நெயா கர்வாலி பக்கம் போகின்றன. ஊரை ஒட்டிய பழைய துறையில் மீன்பிடிப் படகுகளும் தாசோஸ் கப்பல்களும் நிற்கும். 'கிரி-கிரி' எனப்படும் சுருக்குமடிப் படகுகள் சாயங்காலம் கிளம்பி, விளக்கு வெளிச்சத்தில் மத்தியையும் நெத்திலியையும் திரட்டிப் பிடித்து, விடியும்போது திரும்பும். நிலா வெளிச்சத்தில் விளக்கு எடுபடாது என்பதால் பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகளில் அவை கடலுக்குப் போவதில்லை. அதனால் தேதியை முடிவு செய்யுமுன் காலண்டரைப் பாருங்கள். இழுவலைப் படகுகளுக்கு கிரேக்கக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் முடியும்வரை தடை. அக்டோபர் 1-ஐ ஒட்டி நீங்கள் அங்கே இருந்தால், நான்கு மாதமாகக் கட்டிக் கிடந்த படகுகள் கிளம்பத் தயாராகும் பரபரப்பு கிடைக்கும். என்னைக் கேட்டால், ஒரு நாள் கூடுதலாகத் தங்கியாவது பார்க்கலாம். விரித்த வலை மேல் கால் வைக்காதீர்கள். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கரையோரத்தில் கயிறும் ஈரமும் இருக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலையைப் பிலிப்பி என்கிற பழங்கால நகரத்தின் இடிபாடுகளுக்கு ஒதுக்குங்கள். சுமார் 15 கிலோமீட்டர்தான், திராமா போகும் பேருந்தில் போகலாம். கி.மு. 42-இல் சீசரைக் கொன்றவர்களின் படை தோற்ற இடம். 2016 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நிழல் குறைவு, தரை மேடு பள்ளம். சீக்கிரமே போய் வெயிலுக்குமுன் திரும்பிவிடுங்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். விரத உணவு என்ற பொருளில் 'நிஸ்டீசிமோ' என்று கடைகளில் சொல்வார்கள். அதில் இறைச்சி, மீன், பால் இருக்காது. ஆனால் இறாலும் கணவாயும் இருக்கலாம். அந்தச் சொல்லை நம்பாமல், "ஹோரீஸ் க்ரேயாஸ், ஹோரீஸ் ப்ஸாரி, ஹோரீஸ் தலசினா" என்று கேளுங்கள்: இறைச்சி, மீன், கடலுணவு எதுவும் வேண்டாம். எண்ணெயில் வேகவைத்த பீன்ஸ், ஃபாவா என்கிற பருப்பு மசியல், யீகாந்தெஸ் என்கிற பெரிய வெள்ளை பீன்ஸ் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளும். யெமிஸ்தா என்கிற அடைத்த தக்காளியில் சில இடங்களில் கொத்துக்கறி இருக்கும், கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். நெயா கர்வாலியின் குராபியேதெஸ் பாதாமும் வெண்ணெயும் சேர்த்த பிஸ்கட். வாங்குமுன் முட்டை உண்டா என்று விசாரியுங்கள். நீங்கள் மீன் சாப்பிடுவதானால், பெரிய மீனுக்குக் கிலோ கணக்கில்தான் விலை. எடை போட்டுக் காட்டச் சொல்லி, தொகையைக் கேட்டபிறகே சமைக்கச் சொல்லுங்கள்.