மனுவெலிதா எங்கே போகிறாள்?

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. மழலையர் பள்ளிக்குப் போகும் மகள் வீட்டுக்கு வந்ததும் "மனுவெலிதா, மனுவெலிதா" என்று பாடுகிறாள். ஒரு சொல்லும் புரியவில்லை. இப்போதே என்னை விட்டுத் தள்ளிப் போகிறாளோ என்று கேட்டிருந்தீர்கள். 14 வருஷத்துக்கு முன்னால், என் பையன் இதே பாட்டைப் பாடியபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது.

மனுவெலிதா ஓர் ஆமை. அவளைப் படைத்தவர் மரியா எலேனா வால்ஷ், குழந்தைப் பாடல்கள் எழுதிப் பாடிய அர்ஜென்டினக் கவிஞர்; 2011-இல் காலமானார். அவர் பாட்டில் ஒன்றாவது தெரியாத ஆளை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். பெஹுவாஹோ என்ற ஊரிலிருந்து ஆமை பாரிசுக்குக் கிளம்புகிறது, ஏனென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கொஞ்சம் நடந்து போனதாம், இன்னும் கொஞ்சம் கால்நடையாகப் போனதாம்! அப்புறம்தான் விஷயம் வெளியே வருகிறது: ஓர் ஆண் ஆமை மேல் ஆசை. அவளோ கிழவி, அவன் ஏறெடுத்துப் பார்ப்பானா? அதனால் பாரிசில் ஒரு சலவைக் கடையில் வார்னிஷ் பூசி, முன்னும் பின்னும் பிரெஞ்சு மொழியில் இஸ்திரி போட்டு, தலையில் விக் வைத்து அனுப்புகிறார்கள். திரும்பிவரக் கடலைக் கடக்கவே அத்தனை வருஷமாகி, மறுபடி சுருக்கம் விழுந்துவிடுகிறது. போனபடியே கிழவியாக ஊர் வந்து சேர்கிறாள். அவன் அங்கே காத்திருக்கிறான். வால்ஷும் இளவயதில் சில வருஷம் பாரிசில் பாடிப் பிழைத்தவர்தான்.

எனக்கு இந்தப் பாட்டு கைகொடுத்தது என்றே சொல்லலாம். வந்த புதிதில் பெட்டியில் கசங்கிப்போன பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு தெருமுனைச் சலவைக் கடைக்குப் போனேன். இந்த ஊரில் ஜப்பானிய வம்சாவளியினர் நடத்தும் சலவைக் கடைகள் நிறைய. இதுவும் அப்படி ஒன்று. இஸ்திரிக்கு ஸ்பானிஷில் என்ன சொல் என்று தெரியவில்லை. சட்டென்று பையன் பாடும் வரி வாயில் வந்தது: "பிளஞ்சார், தெல் தெரெச்சோ இ தெல் ரெவெஸ்", அதாவது முன்னும் பின்னும் இஸ்திரி. பெரியவர் புடவையைப் பிரித்துக்கொண்டே, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் "பிரெஞ்சிலா?" என்றார். அன்றுதான் இந்த ஊர்க்காரர் ஒருவரோடு முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தேன்.

அதனால் மகளையே வாத்தியாராக்கிப் பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டில் ஆமையின் உடையைச் சொல்ல வரும் மலாகிதா என்றால் என்ன என்று கேளுங்கள்; பச்சைக் கல் என்று பெருமையாகச் சொல்வாள். தவறாக உச்சரித்தால் திருத்துவாள், அதில் அவளுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் வீட்டில் தமிழை விடாதீர்கள். பிள்ளை சீக்கிரம் பழகட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நாங்கள் வீட்டிலும் ஸ்பானிஷுக்கு மாறினோம். இப்போது அவனுக்கு 17 வயசு. பாட்டி போனில் பேசினால் எல்லாம் புரிகிறது. பதில் மட்டும் ஸ்பானிஷில் வருகிறது, நடுவில் நான் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன். ஸ்பானிஷைப் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும், அதற்கு நம் உதவி தேவையே இல்லை.

சரி, பெஹுவாஹோ நிஜமான ஊர். புவெனஸ் ஐரிஸிலிருந்து 5-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே 360 கிலோமீட்டர் போல வரும். ஊர் நுழைவில் மனுவெலிதாவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். மகளை ஒருமுறை கூட்டிப் போங்கள். ஜனவரியில் மட்டும் வேண்டாம், இங்கே அது கோடை; நாங்கள் போய் வெந்து வந்தோம்.