மூணு பேரு ஏறுனா போட் எந்திரிக்கல, பெரிய புரொப்பல்லர் போடலாமா?

14 அடி ஃபைபர் போட், 15 குதிரை டூ ஸ்ட்ரோக் எஞ்சின், தனியா போனா நல்லா ஓடுது, மூணு பேரும் ஐஸ் தோங்கும் (ஐஸ் பெட்டி) ஏறிட்டா மூக்கத் தூக்கிக்கிட்டு அப்படியே இழுக்குது, கடையில பிட்ச் கூட்டிப் போடச் சொல்றாங்க, போடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேணாங்க, கூட்டக்கூடாது, குறைக்கணும்.

புரொப்பல்லர்ல 9 1/4 × 10ன்னு ஏதாவது அடிச்சிருக்கும் பாருங்க. முதல் நம்பர் விட்டம், ரெண்டாவது பிட்ச், ரெண்டுமே இன்ச்சு. தண்ணி வழுக்காம இருந்தா ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னாடி போகும்ங்கறதுதான் பிட்ச். சின்ன எஞ்சின்ல விட்டத்த மாத்த பெருசா இடம் கிடையாது, அதனால நாம பாக்க வேண்டியது பிட்ச் மட்டுந்தான். கப்சாய்ல (சின்ன மோட்டார் சைக்கிள்) ரெண்டு பேர ஏத்திக்கிட்டு நம்ம பினாங்கு தெலுக் பஹாங்ல இருந்து பாலிக் புலாவ் போற மேட்டுல டாப் கியர்லயே ஏறுனா எப்படி முக்கும், பாரத்துக்குப் பெரிய பிட்ச் போட்டாலும் அதே கததான்.

கடைக்காரரு ஆயிரம் சொல்லட்டும், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிசத்துக்கு எத்தன சுத்து சுத்துது) பாக்காம காச நீட்டாதீங்க. பிளக் வயர்ல சுத்தி வெக்கிற குட்டி டாக்கோமீட்டர் ஆன்லைன்லயே கிடைக்குது. எப்பவும் ஏத்துற ஆளு, பெட்ரோல், ஐஸ் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு, காத்து இல்லாத காலையில ஜெரெஜாக் தீவு பக்கம் ஃபுல் திராட்டில் குடுத்து நம்பரப் பாருங்க. எந்த ரேஞ்சுல நிக்கணும்னு மேனுவல்ல இருக்கும், இந்த சைஸ் டூ ஸ்ட்ரோக்குக்கு நிறைய 4500ல இருந்து 5500, ஃபோர் ஸ்ட்ரோக்னா 5000ல இருந்து 6000. உங்களுக்கு 4300தான் வருதுன்னு வெச்சுக்குங்க, பிட்ச் ஒரு இன்ச்சு குறைச்சா சுமாரா 200 ஏறும், ரெண்டு இன்ச்சு குறைச்சா ரேஞ்சுக்குள்ள வந்துருவீங்க. தனியா போறப்ப 5500அ தாண்டலாம், அப்ப திராட்டில கொஞ்சம் விட்டுக்குங்க, டாப் ஸ்பீடும் கொஞ்சம் போகும், மூணு பேரோட மீன் பிடிக்கப் போறவருக்கு அதுல என்ன நஷ்டம்? ஆர்பிஎம் ஏறாம முக்கிக்கிட்டே ஓட்டுனாதான் சூடாகி கார்பன் புடிச்சு எஞ்சின் ஆயுசு போயிரும்.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுருங்க. ஆர்பிஎம்ம கியர் ரேஷியோவால (புரொப்பல்லர் ஒரு சுத்து சுத்த எஞ்சின் எத்தன சுத்து சுத்தணும்ங்கறது) வகுத்து, பிட்ச்சால பெருக்கி, 1215ஆல வகுத்தா, வழுக்கலே இல்லன்னா வர்ற வேகம், நாட் கணக்குல (மணிக்கு எத்தன கடல் மைல்). 5000, 2.08, பிட்ச் 9ன்னா கிட்டத்தட்ட 17.8 வரும், ஜிபிஎஸ்ல 15 காட்டுனா வழுக்கல் 16 சதவீதம், பரவால்ல. (நம்ம கால்வாயில நீரோட்டம் இழுக்கும், போயிட்டுத் திரும்பி வந்து ரெண்டையும் சேத்து சராசரி எடுங்க.) வழுக்கல் 40 சதவீதம் கிட்ட வந்துச்சுன்னா பிட்ச் மேல பழி போடாதீங்க, எஞ்சின் ரொம்ப மேல உக்காந்து காத்த இழுக்குதா, பிளேடு வளைஞ்சிருக்கா, அடியில சிப்பி புடிச்சிருக்கான்னு பாக்கணும். உள்ள இருக்கற ரப்பர் ஹப் வழுக்குதான்னு பாக்க ஒரு வழி இருக்கு, நடு உலோகத்துல இருந்து ரப்பர் தாண்டி வெளி உலோகம் வரைக்கும் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு ஓட்டுங்க, திரும்பி வந்து பாக்கறப்ப கோடு உடைஞ்சு விலகி இருந்தா ஹப்தான் போச்சு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பல்லர் ஆசையும் வேணாம். பத்து மாவுங் பக்கம் தண்ணி வத்துறப்ப சேறும் கல்லும் மேல வந்துரும், அலுமினியம்னா பிளேடு வளையும், தட்டி நிமித்திக்கலாம், ஸ்டெயின்லெஸ் வளையாது, அடி கியர் வரைக்கும் போகும்.

புதுசு மாட்டறப்ப த்ரஸ்ட் வாஷருக்கு (புரொப்பல்லருக்கு முன்னாடி ஷாஃப்ட்ல இருக்கற வளையம்) பின்னாடி ஷாஃப்ட்ல தூண்டி நூல் சுத்தியிருக்கான்னு நகத்தால கீறிப் பாருங்க, பாலத்துக்கு அடியில போட் நிறுத்தி மீன் புடிக்கறவங்களுக்குக் கண்டிப்பா இருக்கும் லா, அது சீல அறுத்துச்சுன்னா தண்ணி உள்ள போயி கியர் ஆயில் வெளுத்துரும். நல்லா கிரீஸ் தடவி, ஸ்பிளிட் பின் புதுசா போடுங்க. பழைய புரொப்பல்லர வித்துராதீங்க, ஸ்பேனரோட போட்லயே கிடக்கட்டும்.