யாப்புக்கு வெளியே கவிதை உண்டா?

கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

புதுக்கவிதை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். தொல்காப்பியர் வகுத்த இலக்கணம் இருக்க, சீரும் தளையும் இல்லாத வரிகளைக் கவிதை என்று எப்படி ஏற்பது? உரைநடையை மடக்கி எழுதினால் கவிதையாகிவிடுமா?

ஒரு வாசகர், கொக்குவில்

பதில்

அன்புள்ள ஐயா,

தொல்காப்பியரிலிருந்தே தொடங்குகிறேன். செய்யுளியலில் அவர் யாப்பின்பாற்படுத்துபவை ஏழு: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். ‘ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவர் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்’ என்று தேன்கூட்டுக்கு எங்கள் ஆச்சிமார் போடும் நொடிக்கும், அதாவது விடுகதைக்கும், பிசி என்ற பெயரில் அங்கே இடமுண்டு, உரைக்கும் உண்டு. தொல்காப்பியத்தின் பெயரால் நீங்கள் சொல்லும் இறுக்கம், பாக்களையும் பாவினங்களையும் மட்டும் வகுத்த பிற்கால யாப்பு நூலான யாப்பருங்கலக்காரிகை வழியே படித்த பழக்கத்தில் வந்தது என்றே எண்ணுகிறேன்.

யாப்பு வெகுகாலம் நினைவின் கருவியாகவும் இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம் என்ற நூல் மருத்துவத்தைச் செய்யுளில் சொன்னதற்குக் காரணம், பரிகாரி அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்ததுதான். அச்சும் தாளும் வந்து அந்தக் கடமையை ஏற்றுக்கொண்ட பிறகு, யாப்பில் இருப்பதெல்லாம் கவிதை என்ற கணக்கு நிற்கவில்லை. கிரேக்கத்திலும் இதே வழக்கு எழுந்தது: காவியம் பாடிய ஹோமரும் இயற்கையை விளக்கிய எம்பெடோக்கிளீசும் ஒரே யாப்பில் எழுதியிருந்தும், பின்னவரை இயற்கை ஆராய்ச்சியாளர் என்பதே பொருந்தும் என்றார் அரிஸ்டாட்டில். வடமொழியாளரோ பாணபட்டருடைய காதம்பரியை, அது உரைநடையாக இருந்தும், காவியம் என்றே கொண்டனர்.

எங்கள் அளவெட்டிக் கவிஞர் ‘மஹாகவி’ உருத்திரமூர்த்தி இன்னொரு வழியைக் காட்டினார். யாப்பைக் கைவிடாமலே, பேச்சு நிற்கும் இடங்களில் அடிகளை முறித்து அச்சிட்டார். ஐந்தடி நகைச்சுவைப் பாடலான ஆங்கில லிமரிக்கைத் தழுவிக் குறும்பா என்ற வடிவத்தையும் தமிழுக்குத் தந்தார். அதற்குரிய இலக்கணம் எந்தப் பழைய நூலிலும் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மடக்கி எழுதுவதால் மட்டும் கவிதை ஆகாது. இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். வரிகளைச் சேர்த்து எழுதிய பின்பும் எதுவும் குறையவில்லை என்றால், அது முன்பும் கவிதையாக இருந்ததில்லை. இன்று வரும் புதுக்கவிதைகளில் பல இந்தச் சோதனையில் தோற்கும். தளை தட்டாத வெண்பாக்களிலும் பல தோற்கும். 1986இல் வெளிவந்த ஈழத்துப் பெண்களின் ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பை இந்த அளவுகோலோடு வாய்விட்டு வாசித்துப் பார்த்து, எந்தக் கவிதையை நீக்குவீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.